மாதிரிக் கடையில் மரக்கரி

“இது என்ன மூட்டை, நகலேமா?”

நான் கத்திய கத்தலில், சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்கள்.

அந்த ஊர் வழக்கப்படி விருந்தாளியை வரவேற்க முழங்காலிட்ட நகலேமா, எழுந்திருக்காமல் அப்படியே இருந்தாள்.

மூட்டையின் வாயைப் பிரித்தேன். மரக்கரி. காட்டு மரத்தை வெட்டிச் சுட்ட அசல் கரி. எனக்குத் தலை சுற்றியது.

சுற்றாதா பின்னே? கம்பாலாவில் தெருத்தெருவாக அழுகிக் கிடக்கிற மட்டோக்கே வாழைக்காய்த் தோலைச் சேர்த்து, கருக்கி, அரைத்து, மரவள்ளிக் கஞ்சி விட்டுப் பிசைந்து, உருட்டிக் காயவைத்து, எரிகட்டியாக விற்கிற கம்பெனி என்னுடையது. ஆறு வருடம் நாக்குத் தள்ள ஓடி வளர்த்தது.

காலேர்வே சந்தையில் நகலேமாவின் சாப்பாட்டுக் கடைதான் எங்கள் மாதிரிக் கடை. அவள் உரிக்கிற தோல் எங்களுக்கு, எங்கள் கட்டி அவள் அடுப்புக்கு. வாசலில் ‘இங்கே மரம் எரிவதில்லை’ என்று பச்சைப் பலகை. பக்கத்துப் பள்ளிக்கூடம் மதியச் சாப்பாட்டை இவளிடம் வாங்குவதே அந்தப் பலகையைப் பார்த்துத்தான்.

அந்தக் கடையில் மரக்கரி. அதுவும் இன்றைக்கு!

இரண்டாவது ஆலை போட எங்களுக்கு உதவலாமா என்று பார்க்க நைரோபியிலிருந்து மொரா அம்மா வந்திருந்தார். காலையில் எங்கள் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொட்டுகிற மழையில் சேற்றை மிதித்துக்கொண்டு, திட்டத்தில் இல்லாத இந்தக் கடையையும் பார்க்க வந்தார். அடுப்பை அவருக்குக் காட்ட நான் வாழையிலைக் கட்டை நகர்த்தினால், பின்னால் மூட்டை.

“கேக்கறேன்ல? வாயில என்ன மட்டோக்கேயா வெச்சிருக்க?”

“தப்புதான், பாஸ்.”

“எத்தன நாளா நடக்குது?”

“நேத்திலேர்ந்துதான்.”

“நேத்திலேர்ந்து! இத நான் நம்பணும்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நம்ம கட்டி உனக்கு என்ன கொற வெச்சுது? புகையுதா? உதிருதா?”

“அய்யோ, இல்ல பாஸ். நல்லாத்தான் எரியுது.”

“அப்புறம் எதுக்கும்மா இது?”

அவள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே நின்றவன் லுபோவா, எங்கள் ஆலை மேஸ்திரி. இந்த ஆளாவது எனக்காக ஒரு வார்த்தை கேட்பானா? கையில் குடையோடு, கடைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவன் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கம்பெனியில் எல்லாவற்றையும் நானேதான் கட்டி அழ வேண்டும்.

மொரா அம்மா மெல்லக் கேட்டார்: “இப்படி இன்னும் எத்தன கடையில நடக்குதுங்க?”

எனக்குச் சுருக்கென்றது.

“இது ஒண்ணுதாம்மா. இதையும் இப்பவே முடிச்சிடறேன்.”

பச்சைப் பலகையை ஆணியோடு பிடுங்கினேன். இலவசமாகக் கொடுத்திருந்த பெரிய அடுப்பையும் வண்டியில் ஏற்றச் சொன்னேன். அதன் மேல் வாழையிலை மூடிய பாத்திரத்தில் மட்டோக்கே வெந்துகொண்டிருந்தது.

“பாஸ், பள்ளிக்கூடத்துக்கு இன்னும் சாப்பாடு போவல. புள்ளைங்க தட்டோட காத்துக்கிட்டு இருக்கும்.”

“மூட்டைய உள்ள எறக்கறப்ப அந்த நெனப்பு வந்திருக்கணும்.”

“ஒரு மணி நேரம் குடுங்க. வெந்ததும் நானே எறக்கித் தரேன்.”

“ஒரு நிமிஷம் கெடையாது! காட்ட அழிக்கிறவன்கிட்ட கரி வாங்கி வெச்சுக்கிட்டு, என் பலகைக்குக் கீழ உக்காந்து வியாபாரம் பண்ணுவியா? உன்ன மாதிரி ஆளுங்களாலதான் இந்த நாட்டுல ஒரு மரம் நிக்க மாட்டேங்குது.”

அவள் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு கைகளாலும் துணியைப் பிடித்து, வேகாத பாத்திரத்தைத் தானே கீழே இறக்கி வைத்தாள். அப்போதும் ஒரு வார்த்தை கிடையாது. அந்த அழுத்தம்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திருடிவிட்டுத் திமிர் வேறு!

மொரா அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வேண்டியவங்கன்னு கூடப் பாக்கல நீங்க. இப்படி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். ரெண்டாவது ஆலை வேலைய ஆரம்பிச்சிடலாம்.”

அவரைக் காரில் ஏற்றி, கார் கண்ணில் மறையும்வரை கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன். மனசு லேசாகிவிட்டது, கோபம்தான் இறங்கவில்லை.

“லுபோவா, அந்தச் சனியனத் தூக்கிச் சாக்கடையில கொட்டுய்யா.”

லுபோவா அசையவில்லை.

“உனக்குமா காது கேக்கல? கொட்டுன்னு சொன்னேன்!”

அவன் நகரவே இல்லை. நகலேமாதான் எழுந்து வந்தாள். மூட்டையின் வாயை இழுத்துக் கட்டி, மழைச் சாரல் படாமல் உள்ளே தள்ளி வைத்தாள்.

“கொட்டிடாதீங்க, பாஸ். அந்தம்மா ஆலையப் பாத்துட்டுப் போற வரைக்கும் இங்க ஒளிச்சு வையின்னு நேத்து லுபோவாதான் என்கிட்ட கெஞ்சினாரு. மூணு வாரமா வெயிலே இல்லயே, உங்க கட்டிய எல்லாம் எத எரிச்சுக் காயவெக்கிறாங்கன்னு நெனச்சீங்க?”