கூட்டாத வாசல்

செங்கோடன் மலாயாவுக்குப் புறப்பட்டது ஒரு மழை நாளில். வீட்டுப் படியிலிருந்து வேலிப்படல் வரை ஈர மண்ணில் அவன் காலடித் தடங்கள் ஏழு பதிந்திருந்தன. ஊருக்குப் போனவர் பின்னாலேயே வாசல் கூட்டக்கூடாது என்பார்கள். அவன் மனைவி பாவாயி அன்று மட்டுமல்ல, அப்புறமும் கூட்டவில்லை. காற்றும் மழையும் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருக்க, தடங்களைச் சுற்றித் தரையோடு படரும் செடியை நட்டாள். ஏற்காட்டு பங்களாத் தோட்டத்திலிருந்து அவனே கொண்டுவந்த செடி. கோடையிலும் பச்சை மாறாது. தடத்துக்குள் நீளும் கிளைகளை வெள்ளிக்கிழமைதோறும் நறுக்கிவிடுவாள்.

மலாயாவில் சண்டை வந்தது, கடுதாசி நின்றது. நாலாம் வருசம் கொழுந்தன் நல்லமுத்து வந்தான்.

"அண்ணனுக்குக் கருமாதி பண்ணிரலாமுங்க அண்ணி. ஊரே பேசுது."

"இந்த வெள்ளிக்கெழம போவட்டும் சாமி. அப்பறம் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கத்தரியோடு குனிந்தாள். நறுக்க ஒரு கிளைகூட இல்லை. தடங்கள் ஏழும் அதே இடத்தில் இருந்தன. வேலிப்படலைப் பார்த்திருந்த கால்விரல்கள் மட்டும் இப்போது வீட்டைப் பார்த்திருந்தன.

பாவாயி கத்தரியைக் கீழே வைத்தாள். உள்ளே போய், கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து படியில் வைத்தாள்.