அடிப்பலகையில் துளை

கடைக்காரர் படகின் மெத்தைச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார்.

அடிப்பலகையில் துளை இல்லை.

உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இல்லவே இல்லை.

படகுத்துறையிலிருந்து திருப்பி அனுப்பிய சீட்டு. மழைக்கு முன்னால்தான் புது ரெக்சின் போட்டுக் கொடுத்தது. ரெக்சினுக்கு ஒரு குறையும் இல்லை. அழுத்தினால் உள்ளேயிருந்து செத்த எலி மாதிரி நாறியது.

படகில் ஈரத் துணியோடுதான் உட்காருவார்கள். தையல் வழியே தண்ணீர் இறங்கும். இறங்கினது வெளியே போக வேண்டாமா? பலகையைத் தொட்டதும் அவர் முதலில் போடுவது துளைதான். அப்புறம்தான் ஸ்பாஞ்சு, ரெக்சின், எல்லாம்.

அப்படியானால் இது ஜெபமணி வேலை. கடையில் இருப்பதே இரண்டு பேர்.

மனைவியின் தம்பிதான். இருந்தால் என்ன? ஆணி டப்பாவைக்கூட அவர் யாரையும் நம்பி விட்டுப் போனதில்லை.

"ஏல, இது யாரு முடிச்ச சீட்டு?"

ஜெபமணி மெஷினை நிறுத்தினான். எட்டிப் பார்த்தான்.

"நாந்தான் அத்தான். தொள போட மறந்துட்டேன்."

"நாளைக்குப் பொண்டாட்டி பேரயும் மறப்பியோ? கெளம்பு. இனி இந்தப் பக்கம் வராத."

டீயில் சீனி கூடினதற்கே மல்லுக்கு நிற்கிற பயல். இன்று எதிர்த்துப் பேசாமல் சாமான் எடுக்க உள்ளே போனான்.

அது அவருக்குப் பிடிபடவில்லை.

கத்தியை எடுத்து மூலைத் தையலைப் பிரித்தார்.

கை நின்றது.

கையூசித் தையல். அத்தனை தையலும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

கடையில் இடதுகைக்காரர் அவர் ஒருவர்தான்.

பின்னே இவன் ஏன் தலையைக் கொடுக்கிறான்? எதையோ மறைக்கிறான். கள்ளப்பயல். எதை?

சுவரோரம் இந்த வாரம் அவர் முடித்த சீட்டுகள் வண்டிக்காகக் காத்திருந்தன. ஒன்றைக் கவிழ்த்தார்.

துளை இருந்தது.

மூச்சு வந்தது.

விரலை வைத்தார். விளிம்பு வழுவழுவென்று இருந்தது.

அவர் துளை போடுவது பலகையின் மேல்பக்கமிருந்து. அடியில் சிராய் கிளம்பி நிற்கும். விரலைக் கிழிக்கும். ஆயுசுக்கும் அப்படித்தான்.

அடுத்ததைக் கவிழ்த்தார். வழுவழுப்பு.

அதற்கடுத்தது. அதுவும்.

சீட்டு முடிந்த பிறகு அடியிலிருந்து போட்ட துளைகள். ஒன்று விடாமல்.

அவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் இவன் போட்டானா? எத்தனை நாளாக?

யோசித்துப் பார்த்தார். பலகையைத் தொட்டது ஞாபகம் இருந்தது. ரெக்சினை இழுத்துப் பிடித்தது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். ஜெபமணி தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றான்.

"எங்கல போற?"

"நீங்கதான அத்தான் போகச் சொன்னீய."

அவர் சீட்டைக் கீழே வைக்கவில்லை. விரல் அந்தத் துளையிலேயே இருந்தது.

"நான் எப்பல சொன்னேன்?"

ஜெபமணி அவர் முகத்தையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

நிஜமாகவே மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி காட்டுகிறாரா, அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தூக்குச்சட்டியைப் பழைய ஆணியில் மாட்டினான்.