நெட்டை மரம்

தேங்காய் பறிக்கும் படிப்பில் தேறிய மந்திக்குரங்கு ஒன்று தோப்புக்கு வேலை கேட்டுப் போனது. தோப்பின் தலைவனான கிழக் கடுவன் குரங்கு மரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தது.

“குட்டை மரத்தையெல்லாம் இப்போ மெஷினே யோசிச்சுப் பறிச்சுடுது. நெட்டை மரத்துக்கு அனுபவம் உள்ளவங்கதான் வேணும்” என்றது கடுவன்.

“அந்த அனுபவம் எங்கே கிடைக்கும் ஐயா?”

“குட்டை மரத்துலதான்.”

பறிக்கிற குரங்குகளுக்குப் பங்காகப் போய்க்கொண்டிருந்த காயெல்லாம் இப்போது கடுவனின் முதுகுக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. மந்தி சான்றிதழை அதன் மடியில் போட்டுவிட்டு, இருப்பதிலேயே நெட்டையான மரத்தில் விறுவிறுவென ஏறியது.

“அனுபவம் இல்லாம ஏறக் கூடாது. இறங்கு” என்று கத்தியது கடுவன்.

“ஏறியாச்சு ஐயா. இறக்கணும்னா மேல வாங்க.”

கடுவன் எழுந்து வந்து, ஏறுவதற்காக மரத்தில் கை வைத்தது. அதோடு சரி.