வெந்நீர்ப் பஞ்சு

ரெஜினாக்கா சுவரைத் தடவித் தடவி அடுத்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். சீழ் காய்ந்து இரண்டு கண்களும் ஒட்டிக் கிடந்தன. மகள் வீட்டில் பேரனுக்குக் கண்வலி. அவன் துடைத்த துண்டிலேயே இவளும் முகம் துடைத்திருக்கிறாள். நேற்றுதான் ஊர் திரும்பியவளுக்கு இந்த வீட்டில் நடந்ததை யாரும் சொல்லியிருக்கவில்லை. "சுடரு, உன் பால்ல ரெண்டு சொட்டு கண்ணுல விடேன்" என்றாள். சுடர்க்கொடி விடிந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. குளியலறையில் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுக் கூடத்துக்கு வருவதற்குள் ரவிக்கை மறுபடியும் நனைந்துவிடும். குழந்தை இறந்துபோனது இந்த உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. "பாலெல்லாம் விடக் கூடாதுக்கா. கண்ணாஸ்பத்திரியில சொட்டு மருந்து குடுப்பாங்க. இப்ப தொடச்சி விடுறேன், உக்காருங்க" என்றாள். வெந்நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தாள். மஞ்சள் பொருக்கு கரையக் கரைய இமைமயிர்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"புள்ள தூங்குதா? சத்தத்தையே காணோம்."

சுடர்க்கொடியின் கை நின்றது. கூரைக் கொக்கியில் தூளி அவிழ்த்த வெறும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"தூங்குதுக்கா."

ரெஜினாக்கா உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப மெதுவாப் பேசு, முழிச்சிக்கப் போகுது."

அவளுடைய வலது கண் லேசாகப் பிரிந்து உள்ளே சிவப்பு தெரிந்தது. சுடர்க்கொடி அவசரமாகப் புதுப் பஞ்சை நனைத்து அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"இப்பத் தொறக்காதீங்கக்கா. இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்."