வெள்ளிக்கிழமைக் கோளாறு

"டெல்மர், மறுபடியும் அதே கதைதான். வேகமே எடுக்க மாட்டேங்குது. முயல் கூட என்னைத் தாண்டி ஓடுது!"

டிரைவரம்மா ஆர்லிஸ் மஞ்சள் பள்ளிப் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பிள்ளைகளை வீடுகளில் விட்டாகிவிட்டது. கையில் பூசணிக்காய் கேக் டப்பா.

வடக்கு டகோட்டாவின் அந்த ஊரில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வசிப்பதாகப் பெயர்ப்பலகை சொல்லும். அதில் பலர் கல்லறைக்குக் குடிபோய்விட்டார்கள். பலகையை மாற்றத்தான் ஆளில்லை. பள்ளிப் பஸ் ஷெட்டின் ஒரே மெக்கானிக் டெல்மர். வயது ஐம்பத்தெட்டு. வளர்த்த நாய் போன வருஷம் செத்ததிலிருந்து, அவருடைய வாரப் பேச்சு முழுவதும் ஆர்லிஸ் வரும் வெள்ளிக்கிழமையில்தான் செலவாகிறது.

"டயரா இருக்குமோ?" என்றார் டெல்மர்.

"போன வாரம் டயர்தான் பார்த்தீங்க."

"பின் ஆக்ஸில் பல்சக்கரம்?"

"அது அதுக்கு முந்தின வாரம். ஏங்க, ஒரு பஸ் எவ்வளவு வேகமா போகணும்னு எத்தனை பேர்தான் முடிவு பண்றாங்க?"

"நாலு பேர். இன்ஜின், பல்சக்கரம், டயர், அப்புறம் கம்ப்யூட்டர். மத்த மூணும் என்ன துள்ளினாலும், 'இதுக்கு மேல கிடையாது'ன்னு கம்ப்யூட்டர் சொல்லிட்டா அவ்வளவுதான்."

"வீட்டுக்காரி மாதிரி."

"இருந்தாத்தானே எனக்குத் தெரியும்."

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. அவருடைய கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பிளாஸ்க்கிலிருந்து இருவருக்கும் காபி ஊற்றினார்.

"தினமும் நிரப்புற படிவத்துல 'வேகம் இல்லை'ன்னு எழுதித் தொலைச்சேன். அதைப் போய் பள்ளி அதிகாரி படிப்பார்னு யாரு கண்டா? இன்னிக்குச் சரியாகலைன்னா திங்கக்கிழமை பஸ் பிஸ்மார்க் டவுன்ல இருக்கிற கம்பெனிக்குப் போகுதாம். இனிமே சர்வீஸ் எல்லாம் அங்கேதானாம்."

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"இங்க வர வேலை இருக்காது."

இருவரும் கேக்கை ரொம்ப நேரம் மென்றார்கள். பிறகு ஆர்லிஸ் தன் பழைய காரில் ஏறிப் போனார்.

டெல்மர் லேப்டாப்பை எடுத்துப் பஸ்ஸில் சொருகினார். எங்கே கோளாறு என்று தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அக்டோபரில் ஆயில் மாற்ற வந்த ஆர்லிஸ், கேக்கோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போன அன்று, பஸ் கம்ப்யூட்டரில் அறுபது மைல் வேக வரம்பை நாற்பத்தைந்தாகக் குறைத்து வைத்தவரே டெல்மர்தான். அடுத்த வெள்ளியே புகாரோடு ஆர்லிஸ் வந்து நின்றபோது, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

இன்று வேறு வழியில்லை. அறுபது என்று மாற்றினார். ஷெட்டில் ஹீட்டர் சத்தம் மட்டும் மிச்சம்.

மூடப் போனவரின் கண்ணில், இதுவரை திறந்தே பார்க்காத ஒரு பக்கம் பட்டது: பஸ்ஸின் ஓட்டப் பதிவு. திறந்தார்.

ஆர்லிஸின் வழி முழுக்கச் சரளைக்கல் ரோடு. ஆகஸ்டில் பள்ளி திறந்த நாளிலிருந்து இந்தப் பஸ் ஓடிய அதிகபட்ச வேகம், முப்பத்து நான்கு மைல்.

அவர் ஒளித்து வைத்த நாற்பத்தைந்தை ஆர்லிஸ் ஒருநாள்கூட எட்டியதே இல்லை.