ரப்பர் ஈறு

மூச்சுக்குழாய் செருகப் பழகுவதற்காக மேசையில் கிடத்தியிருந்த ரப்பர் சிசுவின் வாயை இசைவாணி மெல்லத் திறந்தாள். நாக்கைத் தூக்கிப் பிடிக்கும் கருவியின் அலகு மேல் ஈறில் அழுந்திவிட்டால் பொம்மைக்குள்ளிருந்து 'டக்'கென்று சத்தம் வரும். மற்றவர்கள் செருகியபோதெல்லாம் வந்தது; யாரும் பொருட்படுத்தவில்லை.

"நேரம் போயிருச்சு, குழந்தை செத்துப்போச்சு!" பேராசிரியர் திரவியம் மேசையில் அறைந்தார். "பொம்மைய என்னம்மா கொஞ்சிக்கிட்டு இருக்க? இன்னிக்கும் தேறலன்னா சிசு வார்டுப் பக்கமே உன்னை விடமாட்டேன்."

பின்னால் நின்ற பயிற்சி மருத்துவர்கள் சிரித்தார்கள். நெல்சன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

பேராசிரியர் கருவியைப் பிடுங்கி, ஒரே நெம்பாக நெம்பிக் குழாயைச் செருகினார். டக். "பாத்தியா? பொழச்சிருச்சு."

"வலிச்சிருக்கும் சார்."

"வெளிய போ!"

அவள் குழாயை உருவினாள். தொங்கிப்போயிருந்த தலையை நேராக்கி, அந்த ஈறை விரலால் ஒருமுறை நீவிவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள்.

"நெல்சன், நீ வா. சீக்கிரம்."

கதவுக்கு வெளியே அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மேசையில் மறுபடி அறை விழுந்தது. "என்னடா, நீயும் பொம்மைய கொஞ்சுறியா?" என்ற குரல் கேட்டது. சிரிப்பு கேட்டது. அந்த 'டக்' மட்டும் இன்னும் வரவில்லை.