நடுங்காத கை

மூளைக்குள் கம்பியும் நெஞ்சில் பேட்டரியும் வைத்த அன்று, சித்தையன்கோட்டை சடையாண்டிக்கு ஏழு வருஷக் கைநடுக்கம் நின்றது. அதுவரை அவருக்குச் சோறு ஊட்டிவந்த மனைவி சின்னக்கண்ணுவுக்கு அன்றே கை நடுங்கத் தொடங்கியது. அவள் கட்டுகிற மல்லிகையில் பாதி தரையில் சிதறியது. அவளுக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் சொன்னபடி சோதித்துப் பார்க்க, ஒரு காலையில் சடையாண்டி ரிமோட்டை அமுக்கித் தன் நெஞ்சிலிருந்த கருவியை அணைத்தார். அவர் கை உதறியது. அவள் கை நின்றது. விரல்கள் மளமளவென்று பூக்கட்டின.

“செத்த நேரம் அப்படியே இருங்க. இந்த ஒரு முழத்தை முடிச்சுக்கிறேன்.”

“ஏழு வருஷம் நான் படலையா?” என்றபடி அவர் கருவியை மறுபடி ஓடவிட்டார். ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது.